எடை பார்ப்பவரின் குரல்

ஓசூர் இதய மருத்துவமனை ஒன்றில் எடை பார்ப்பவர் அவர். ஒட்டிய கன்னம், தெருவையே கூப்பிடும் குரல். என் இதயம் தாளம் தப்பித் துடிப்பதால், எடையைக் குறைத்து, குறட்டைக்குக் காற்றூதும் மாஸ்க் மாட்டித் தூங்கினால்தான் பிழைப்பேன் என்றிருந்தார் டாக்டர். நான் மெஷினில் ஏறியதும், "நூத்திப் பதினெட்டு" என்று தமிழில் கத்தினார் இவர். கர்நாடக எல்லையோரத் தளியிலிருந்து வந்தவர்களுக்காகக் கன்னடத்தில் இன்னொரு முறை. பெஞ்சு இரண்டு தவணையாகச் சிரித்தது.

"மெதுவா சொல்லக்கூடாதாண்ணா?"

"மெதுவா சொல்ற எடையா சார் இது?"

பிரியாணியை விட்டேன். மாஸ்க் குழாயோடு, தும்பிக்கை முளைத்தவன்போலத் தூங்கினேன். அடுத்த முறை எடை நன்றாக இறங்கியிருந்தது. அவர் வாயே திறக்காமல் சீட்டில் எழுதினார்.

"இதையும் சத்தமா சொல்லுங்கண்ணா."

"கொறஞ்சத சொன்னா எவன் சார் சிரிப்பான்?"

மறுபடி ஏறிவிடுமோ என்பது என் பயம். அவருக்கு அதுதான் நம்பிக்கை.