இறக்கத்துக்கு ஒரு பைக்

தர்மிளாவின் உயரத்தைக் கேட்டால் ஐந்தடி என்பாள். செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கச் சொன்னால் பேச்சை மாற்றுவாள். வயது இருபத்தொன்பது. அவிசாவளையில் ஆறு வருடம் கார்மெண்டில் தைத்தவள். கூட வேலை செய்த பெண்ணின் பைக்கை ஓட்டிப் பழகி லைசன்ஸும் எடுத்தவள். கார்மெண்டில் ஆள் குறைத்தபோது, தெஹியோவிட்டைக்கு மேலே இருக்கும் ரப்பர் தோட்டத்துக்கே திரும்பி வந்துவிட்டாள்.

அந்தத் தோட்டத்தின் மேல் டிவிசனில் பதினொரு குடும்பங்கள் பங்குக்கு மரம் எடுத்துப் பால் வெட்டுகின்றன. வெட்டிய பாலைக் கீழே மெயின் ரோட்டில் இருக்கும் சேகரிப்பு நிலையத்துக்கு உறையாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். முன்பெல்லாம் டிராக்டர் வந்து ஏற்றிப்போகும். போன வருட மழையில் சின்னப் பாலம் பாதி இடிந்ததும் டிராக்டர் வருவது நின்றது. அதிலிருந்து பாலைச் சிரட்டையிலேயே உறையவிட்டு, ஒட்டுப்பாலாக உரித்து, பாதி விலைக்குத் தள்ளுகிறார்கள். தர்மிளாவும் அவள் புருசன் யோகராஜும் அந்தப் பதினொன்றில் ஒரு குடும்பம்.

நிலையத்தின் பொறுப்பாளர் கணேசலிங்கம், யாழ்ப்பாணத்துக்காரர். அவரிடம் தர்மிளா போய், பாலை நானே கொண்டு வந்தால் எடுப்பீர்களா என்று கேட்டாள். அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

"பிள்ளை, பத்தரைக்குப் பிறகு நான் கேன் திறக்க மாட்டன். திரைஞ்ச பாலை வாங்கி நான் என்ன, தயிரே விக்கிறது?"

பால் கொடுப்பவர்களின் புதிய பட்டியலை வெள்ளிக்கிழமை மூடுகிறார்கள் என்றும், அன்றைக்குள் ஒரு தடவையாவது நல்ல பாலாகக் கொண்டு வந்து காட்டினால் மேல் டிவிசனைச் சேர்ப்பதாகவும், இல்லாவிட்டால் அந்த இடம் ருவான்வெல்லைப் பக்கத்து ஆட்களுக்குப் போய்விடும் என்றும் சொன்னார். கையில் இருந்தது பன்னிரண்டு நாள்.

யோகராஜ் தெஹியோவிட்டை ஸ்டேண்டில் த்ரீவீலர் ஓட்டுகிறவன். வாகனம் என்று யார் வாயைத் திறந்தாலும் அவனிடம் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும். அவனுடைய தீர்ப்பு ஸ்கூட்டி. டவுனுக்குப் போகலாம், கோயிலுக்குப் போகலாம், முன்னால் அரிசி மூட்டை வைக்கலாம். அந்த ஸ்கூட்டி உடைந்த பாலத்தைத் தாண்டுமா என்று அவள் கேட்டதற்கு, பாலத்தை என்றைக்காவது கட்டுவார்கள்தானே என்றான். ஸ்டேண்டில் இருந்த மற்றவர்கள் ஆளுக்கொரு பைக் சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவர்கூட மேல் டிவிசன் பக்கம் வந்ததில்லை.

முதலில் ஒரு சாதாரண நூறு சீசீ பைக்கை இரவல் வாங்கிப் பார்த்தாள். களிமண் முடக்கு என்ற வளைவு வரைக்கும் சமர்த்தாக ஏறியது. அங்கே முன்சில்லுக்கும் மட்கார்டுக்கும் இடையே களி போய் அடைந்தது. சில்லு சுற்ற மறுத்துவிட்டது. பால் வெட்டும் கத்தியால் நோண்டி நோண்டி எடுத்தாள். பத்தடி போனால் மறுபடி அடைப்பு. வண்டியை அவள் ஓட்டியதைவிடத் தள்ளியதுதான் அதிகம்.

அப்போதுதான் ருவான்வெல்லை பஜாரில், அவள் நானா என்று கூப்பிடும் ஆதிப்பின் கராஜில் விற்பனைக்கு நின்ற பழைய இருநூறு சீசீ ட்ரெய்ல் பைக் அவள் கண்ணில் பட்டது. மட்கார்ட் சில்லுக்கு ஒரு சாண் உயரத்தில். டயரில் கட்டை கட்டையாய்ப் பற்கள். சீட்டோ, அவள் இடுப்பைத் தாண்டி நின்றது. ஆதிப் பைக்கையும் பார்த்தான், அவளையும் பார்த்தான்.

"தங்கச்சி, ஒங்கட கால் நிலத்துல படாது. வேணும்னா வண்டிய ரெண்டு இஞ்சு எறக்கித் தாரன்."

"எறக்குனா பைக்கோட அடி வயிறும் எறங்கிருமா நானா?"

"அது எறங்கத்தானே செய்யும்."

"அப்ப கல்லுல இடிக்கும். வேணாம், அப்படியே இருக்கட்டும். நான் ஏறிக்கிறேன்."

மலைத் தோட்டத்து ரோட்டில் ஒரு பக்கம் எப்போதும் மேடு. தர்மிளா பைக்கை அந்த மேட்டோரமாக நிறுத்துவாள், மேட்டில் ஏறி நின்று சீட்டில் உட்காருவாள். இறங்குவதும் அப்படித்தான். சமதரையில் நிறுத்தச் சொன்னால்தான் அவளுக்குக் கஷ்டம். மேல் டிவிசனில் சமதரையை எங்கே தேடுவது?

ஆதிப் தங்கமான மனுசன். வெள்ளிக்கிழமை வரைக்கும் ஓட்டிப் பார் என்று சாவியைக் கொடுத்தான். ஸ்டேண்ட் வழியாக அவள் வந்தபோது சிங்கள டிரைவர் ஒருவர், விழுந்து வைக்காதே என்ற முகத்தோடு, "பரெஸ்ஸமின், நங்கி" என்றார். யோகராஜ் அந்தப் பெண் யாரென்றே தெரியாதவன் போல இருக்கைத் துணியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருந்த அத்தனை பேரும் ரோட்டோரம் வந்துவிட்டார்கள். இருபது லீட்டர் கேன் இரண்டில் தண்ணீர் நிரப்பி, பின் கேரியரில் வைத்து ரப்பர் டியூபால் இறுக்கினார்கள். பாலத்தடியில் இருந்து தர்மிளா புறப்பட்டாள். உடைந்த பாலத்தை ஓரமாய்க் கடந்தாள், களிமண் முடக்கைக் கிழித்துக்கொண்டு வந்தாள், வழுக்குப் பாறையில் ஒரே மூச்சில் ஏறி லயத்து வாசலில் நின்றாள். கைதட்டல். யோகராஜ் ஸ்கூட்டியை மறந்துவிட்டு, இந்த இஞ்சின் இப்படித்தான் இழுக்கும் என்று தனக்கு அப்போதே தெரியும் என்றான். பக்கத்து லயத்துச் சின்னம்மா, வெட்டுக்காரி, திருஷ்டிக்கு டயரில் தேசிக்காய் வைக்கலாமா என்று கேட்டாள்.

தர்மிளா கேனைக் கவிழ்த்துத் தண்ணீரை வாய்க்காலில் ஊற்றினாள். பாதி ஊற்றியபோது கை நின்றது.

"நம்ம பால மேலயா கொண்டாரப் போறோம்?" என்றாள்.

மூன்று தலைமுறையாக அந்த ஆட்களுக்கு ரோடு என்றால் ஏற்றம்தான். ஏறித்தான் மூச்சு வாங்கும், ஏறித்தான் அரிசி வர வேண்டும், இறக்கம் தன்னால் வந்துவிடும். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு ஆள்கூட யோசிக்காமல் பாரத்தை மலைக்கு மேலே ஏற்றிச் சந்தோசப்பட்டிருக்கிறார்கள். பைக் மேலே வருவது வெறுங்கேனோடு. நிறைந்த கேன் போவது கீழே.

மறுபடி நிரப்பினார்கள். இந்தத் தடவை கைதட்டல் இல்லை. பாறையில் பின் பிரேக்கை அமுக்கியதும் கேரியர் பாரம் அவளைத் தள்ளியது. பைக் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம், கேன் மூடி வேறொரு பக்கம். முழங்கை உரிந்தது. யோகராஜ் ஓடி வந்து, போதும் தர்மி, பாலும் வேண்டாம் பட்டியலும் வேண்டாம் என்றான்.

அவள் பைக்கை நிமிர்த்தச் சொன்னாள், மேட்டில் ஏறினாள், மறுபடி போனாள். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் தண்ணீர்க் கேனோடு அதே இறக்கம். முதல் கியரில் போட்டுக் கிளட்சைத் தொடாமல் விட்டால் இஞ்சினே பாரத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று கண்டுபிடித்தாள். ஆதிப்பிடம் போய் பழைய கட்டில் இரும்பில் இரண்டு பக்கமும் தாழ்வாகச் சட்டம் அடிக்கச் சொன்னாள். கேன்கள் பின்னால் உயரத்தில் இருந்து பக்கவாட்டுக்கு இறங்கின. வியாழக்கிழமை அவள் விழவில்லை.

வெள்ளி விடிய ஒரு மழை தூறியது. பட்டை ஈரமாக இருந்தால் பால் வெட்ட முடியாது. ஐந்தரைக்கு வெட்ட வேண்டியவர்கள் ஏழரைக்குத்தான் கத்தியைத் தொட்டார்கள். பால் சேர்ந்து வந்தபோது ஒன்பதே முக்கால். ஒரு கேன் நிறைந்தது, மற்றது பாதி. பாதியாவது போகட்டும் என்று எல்லோரும் சொல்ல, அவளும் ஏற்றிக்கொண்டாள்.

பாறை, களி, பாலம். பாதிக் கேன் பக்கத்தில் களக் களக் என்று அடித்துக்கொண்டே வந்தது. அந்தச் சத்தம் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நிறுத்த நேரமில்லை. நிலையத்தின் சுவர்க் கடிகாரத்தில் பத்து இருபத்திரண்டு.

கணேசலிங்கம் நிறைந்த கேனைத் திறந்து, கண்ணாடிக் குழாயை விட்டுப் பார்த்துத் தலையாட்டினார். மற்றதைத் திறந்தார். கடைந்த மோர் போல மேலே கட்டி கட்டியாய் மிதந்தது.

"ஒண்டு நல்லது, ஒண்டு பழுது. நான் என்னெண்டு பதியிறது, பிள்ளை?"

"வந்த நேரத்தப் பதிங்க சேர். பழுதானது என் தப்பு. அரைக் கேன ஏத்துனேன், வழி நெடுக அடிச்சே கெட்டுப்போச்சு. நெறச்ச கேன் அதே ரோட்டுலதான வந்துச்சு."

அவர் நிறைந்த கேனை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு பட்டியலை இழுத்தார்.

"ஒரு கேன் எண்டு பதியிறன். ரெண்டு வந்தால் திருத்துவன். வராட்டில் இந்தப் பேரையும் வெட்டுவன்."

மேல் டிவிசன், ஒரு கேன். பதினொரு குடும்பத்துக்கு ஒரு கேன் எந்த மூலைக்கு? என்றாலும் பேர் ஏறிவிட்டது. தர்மிளா வெளியே வந்து சின்னம்மாவுக்குப் போன் எடுத்தாள். நாளையிலிருந்து ஒவ்வொரு வீட்டுப் பாலாகக் காத்திருக்க முடியாது, எல்லோரும் ஒரே வாளியில் சேர்க்க வேண்டும், கழுத்து வரை நிறையாத கேன் வண்டியில் ஏறாது என்றாள். சின்னம்மா, யாருடைய பால் எவ்வளவு என்று சண்டை வருமே என்றாள். வந்தால் வரட்டும், மேலேயே அளந்து எழுதிவிட்டுக் கலக்குங்கள் என்றாள் தர்மிளா.

அடுத்து ஆதிப்புக்கு எடுத்தாள். அவிசாவளையில் இருந்து ஒரு ஆள் பின்னேரம் பைக் பார்க்க வருவதாக அவன் இழுத்தான்.

"அவர வர வேணாம்னு சொல்லிருங்க நானா," என்றாள். வண்டியைச் சுவரோரப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் உருட்டி, மேல் படியில் ஏறி நின்று, காலைத் தூக்கிப் போட்டாள்.