நான் எடுத்துவிட்ட டிக்

போன சனிக்கிழமை மகளின் கம்ப்யூட்டரில் ஃபயர்வால் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எந்தெந்தப் புரோகிராம் இணையத்தோடு பேசலாம், எது கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு கட்டம். டிக் இருந்தால் வழி உண்டு. எடுத்துவிட்டால் இல்லை. எட்டாவது படிக்கும் மகள் சில வாரங்களாக ஹெட்போனை மாட்டிக்கொண்டு யாருடனோ பேசிச் சிரிக்கிறாள். கேட்டால் "ஃபிரண்டும்மா" என்கிறாள். என்னோடு பேசும்போது அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகிறது. பயத்தில்தான் பட்டியலைத் திறந்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் அவள் பேசும் புரோகிராமின் கட்டம்வரை மவுஸைக் கொண்டுபோய்விட்டு, அழுத்தாமல் கையை எடுத்துவிட்டேன். பன்னிரண்டு வயதில் ஒருமுறை இதே காரியத்தைச் செய்திருக்கிறேன். அன்று பயம் என்ற சாக்குகூட எனக்குத் தேவைப்படவில்லை. பொறாமையே போதுமானதாக இருந்தது.

அந்த வருடம் மே மாத விடுமுறைக்கு விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். பெரியப்பா வளைகுடாவில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தார். அவர் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர் கூடத்தில், பூப்போட்ட துணி போர்த்தி, சாமி படங்களுக்குச் சமமான மரியாதையோடு இருந்தது. வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. பஸ் பிடித்து டவுனுக்கு வந்து, நம் ஊர் நேரம் சாயங்காலம் ஐந்து மணிக்கு நெட் வழியாகக் கூப்பிடுவார். மற்ற நாட்களில் அவர் இருக்கும் இடத்தில் போன் கிடையாது. வெள்ளிக்கிழமையும் கார்டு போட்டுப் பேச முடியாது. நெட் அதே போன் லைனில்தான் வந்தது; அது இணைந்திருக்கும்போது வீட்டுப் போன் எங்கேஜ்டாகவே இருக்கும்.

ஹெட்போன் ஒன்றே ஒன்று. அதை மாட்டிக்கொள்ளும் உரிமை அக்காவுக்கு, அதாவது பெரியம்மாவின் மகளுக்கு. என்னைவிட மூன்று வயது மூத்தவள். பெரியம்மா ஒரே ஒருமுறை மாட்டிப் பார்த்துவிட்டு, "என் கொரலே எனக்குத் திரும்பி வருது, பயமா கீது" என்று கழற்றி வைத்துவிட்டார். அதிலிருந்து நாற்காலிக்குப் பின்னால் நின்று, "என்னா சொல்றாரு, சாப்ட்டாராமா?" என்று மகளைக் கேட்டுக்கொள்வார். அக்கா அங்கே சொன்னதை இங்கே சொல்வாள், இங்கே கேட்டதை அங்கே கேட்பாள். அந்த அரை மணி நேரம் வீடே அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

எனக்கும் ஓர் அப்பா இருந்தார். விழுப்புரத்தில் ஹார்டுவேர் கடை. தினமும் வீட்டுக்கு வந்துவிடுவார். அதில் என்ன பெருமை இருக்கிறது? கடல் தாண்டி இருக்கும் அப்பாவுக்கு முன்னால், ஒன்பது மணிக்கு ஆணி வாசனையோடு வந்து சோறு கேட்கும் அப்பா எனக்கு ரொம்ப சாதாரணமாகத் தெரிந்தார்.

கம்ப்யூட்டரில் ஒருமுறை வைரஸ் வந்தபோது, பக்கத்து ஊரான பிரம்மதேசத்திலிருந்து வரும் சர்வீஸ் அண்ணன் அந்த ஃபயர்வாலைப் போட்டுக் கொடுத்திருந்தார். புதிதாக எந்தப் புரோகிராம் இணையத்துக்குப் போக வந்தாலும், விடலாமா என்று அது கேட்கும். விடுவதும் தடுப்பதும் அக்கா கையில். ஒருமுறை டிக் போட்டுவிட்டால் அந்தப் பட்டியலை அவள் மறுபடி திறந்து பார்ப்பதில்லை. சி.டி.யில் வந்த கேரம் விளையாட்டு ஒன்றை, முகம் தெரியாதவர்களோடு நெட்டில் ஆட எனக்கு ஆசை.

"எனக்கும் ஒரு டிக் போடுக்கா" என்றேன்.

"போடி, கண்டதையும் வுட்டா மறுபடியும் பேஜாராயிடும். அப்புறம் எங்கப்பா எப்பிடிப் பேசுவாரு?"

எங்கப்பா என்று அவள் சொன்ன விதம் இன்றும் காதில் இருக்கிறது. அவள் எங்கே போய் எதை அழுத்துகிறாள் என்பதை அன்றே பார்த்து வைத்துக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பேசிக்கொண்டிருந்தவள் முகம் மாறியது. பெரியப்பாவின் கை மெஷினில் மாட்டிக்கொண்டதாம். கட்டுப் போட்டிருக்கிறார்களாம். ஆஸ்பத்திரியில் என்ன சொல்கிறார்கள் என்று அடுத்த வாரம் சொல்கிறாராம். பெரியம்மா அந்த வாரம் முழுவதும் அரைச் சோறு சாப்பிட்டார். மகளை மடியில் சாய்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு ஒரு மடியும் இல்லை.

வியாழக்கிழமை இருவரும் காய் வாங்கப் போன சமயம் பட்டியலைத் திறந்தேன். பேசுகிற புரோகிராமுக்கு நேரே இருந்த டிக்கை எடுத்துவிட்டு, துணியை முன்பு இருந்தபடியே போர்த்திவிட்டு, அவித்த மல்லாட்டைக் கடலையை உரித்துத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் ஐந்து மணி ஆயிற்று. ஐந்தே காலும் ஆயிற்று.

"என்னாடி, வர்லியா?" பெரியம்மாவின் கை நாற்காலி முதுகை இறுக்கிப் பிடித்திருந்தது. "கைக்கு இன்னா ஆச்சோ, தெரியலையே."

அக்கா திரையைப் பார்த்தாள், அம்மாவின் கையைப் பார்த்தாள். பிறகு ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, "ஆங்... அப்பா! கேக்குதுப்பா" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கட்டுப் பிரிச்சிட்டாங்களாம்மா. நல்லா கீதாம்" என்றாள். பெரியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு யாரும் இல்லாதபோது பட்டியலைத் திறந்து பார்த்தேன். டிக் இல்லை. நான் சாத்திய கதவு சாத்தியபடிதான் இருந்தது. அப்படியும் அவளுக்கு மட்டும் குரல் வருகிறது என்றால், எனக்குச் சொல்லாமல் வேறு வழி ஏதோ வைத்திருக்கிறாள் என்று முடிவு செய்தேன். அந்த வாரம் தலைவலி என்று அவள் அடிக்கடி படுத்துக்கொண்டாள். பெரியம்மா தைலம் தேய்த்துவிட்டார். அதற்கும் பொறாமைப்பட்டேன்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை இன்னும் நன்றாகப் பேசினாள். சிரிக்கக்கூடச் செய்தாள். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததைக் கவனித்திருக்க வேண்டும், திரும்பி, "உன்னையும் கேட்டாருடி. வரும்போது உனக்கும் ஒரு வாட்ச் வாங்கியாராராம்" என்றாள்.

எனக்கும் ஒரு வாட்ச்! வாட்ச் வாங்கி வரப்போகிறவரை வெளியே நிறுத்தி வைப்பது அநியாயம் என்று தோன்றியது. அன்றைக்கே, அவர்கள் கோயிலுக்குக் கிளம்பியதும், டிக்கைத் திரும்பப் போட்டுவிட்டேன்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு அக்கா ஹெட்போனோடு உட்கார்ந்தாள். திடீரென்று அவள் முதுகு நிமிர்ந்தது. "அப்பா" என்றாள். கண்ணீர் கீபோர்டில் சொட்டியது.

"என்னாடி ஆச்சு? போன வாரந்தான பேசுன?" என்று பதறினார் பெரியம்மா.

"ஒண்ணுமில்லம்மா. இன்னிக்கு லைன் கிளியரா கீது, அதான்."

"கை?"

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். இடது கையால் வலது கை விரல்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "நல்லா கீதாம்மா" என்றாள். போன இரண்டு வாரமும் ஒழுங்காகப் பேசியவள் இன்றைக்கு நடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த இரண்டு வெள்ளிக்கிழமைகளிலும் அவள் காதில் எந்தக் குரலும் விழவில்லை என்பதும், அப்பாவுக்கு என்ன ஆயிற்றோ என்ற பயத்தை அந்தப் பதினைந்து வயதுப் பெண் தனியாக வைத்துக்கொண்டிருந்தாள் என்பதும் எனக்கு உறைக்கப் பல வருடங்கள் ஆயின. டிக்கை எடுத்தது நான்தான் என்று அன்றுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை. இன்றுவரையும் சொல்லவில்லை.

பொங்கலுக்குப் பெரியப்பா வந்தார். நாங்களும் போயிருந்தோம். வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. பெரியம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "இதையாடி நல்லா கீதுன்ன?" என்று மகளைக் கேட்டார். எல்லோரும் அழுதார்கள். நான் அவர் கொண்டுவந்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அழுகை ஓய்ந்ததும் பக்கத்தில் போய், "பெரியப்பா, என் வாட்ச்?" என்றேன்.

"எந்த வாட்ச்சும்மா?" என்றார் அவர்.

சொன்ன சொல் காப்பாற்றாதவர் என்று அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. அதற்குள் அக்கா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனாள். அவர் அவளுக்கென்று எப்போதோ அனுப்பியிருந்த தங்க நிற வாட்சைத் தன் கையிலிருந்து கழற்றினாள். "இதான்டி உன்னுது. ஆர்கிட்டயும் கேக்காத" என்று என் மணிக்கட்டில் கட்டிவிட்டாள்.

கடைசியில் அவளுடையது எனக்கு வந்துவிட்டது. விழுப்புரம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வழி நெடுக மணி பார்த்துக்கொண்டே போனேன்.