கிராதியில் வைத்த கால்

போன ஞாயிறு குருநகரில் எங்கள் கோயில் பங்கின் புது மண்டபத்தைத் திறந்து வைத்தார்கள். எங்கள் பழைய வகுப்பிலிருந்து நான் போயிருந்தேன். நிரோஜினி கைக்குழந்தையோடு வந்திருந்தாள். இக்னேசியஸ் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, உட்கார்ந்தால் மடிப்புக் கலைந்துவிடும் என்று நின்றுகொண்டேயிருந்தான். டெல்சன் வரவில்லை, கட்டாரில் இருக்கிறான். கிறிஸ்ரின் ரீச்சர் வரவில்லை, பாரிசில் இருக்கிறார். என் அப்பா மூன்று தெரு தள்ளித்தான் இருக்கிறார், அவரும் வரவில்லை. ஒலிபெருக்கி கட்டிய எந்த இடத்துக்கும் அவர் விரும்பிப் போனதில்லை.

புதுத் தரையில் மாபிள் பதித்திருக்கிறார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டடி வைத்தேன், வழுக்கியது. விழாமல் நிரோஜினி உட்கார்ந்திருந்த கதிரையைப் பிடித்துக்கொண்டேன்.

“என்ன, குங்கிலியம் கொண்டுவரேல்லையோ?” என்றாள் அவள்.

மூன்று பேரும் வாய்விட்டுச் சிரித்தோம். முன்வரிசையிலிருந்த கன்னியாஸ்திரி ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

குங்கிலியத்தின் மணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் கரையில் அதை எண்ணெயோடு காய்ச்சி, மரவள்ளத்தின் பலகை இடுக்குகளில் தண்ணீர் புகாமல் பூசுவார்கள். எனக்கோ அந்த மணம் வந்தால் வள்ளம் நினைவுக்கு வருவதில்லை, பாலே நடனம்தான் நினைவுக்கு வருகிறது. பழைய மண்டபத்தின் சீமெந்துத் தரை கண்ணாடி மாதிரி. ரீச்சர் பாரிசிலிருந்து கொண்டுவந்த துணிச் சப்பாத்துகள் அதில் நிற்கவே மாட்டா. அங்கே இதற்கென்று ஒரு பிசின் தூள் வைத்திருப்பார்கள் என்று அவர் கவலையோடு சொன்னார். அடுத்த சனிக்கிழமை நான் அப்பாவின் குங்கிலியத்தில் ஒரு கட்டியை இடித்துப் பழைய பால்மா ரின்னில் கொண்டுபோனேன். அதை மிதித்துவிட்டு நின்றால் கால் அப்படியே தரையில் ஒட்டும்.

குருநகரில் பாலே வகுப்பா என்று கேட்பீர்கள். இருந்தது, ஒரு வருடம். ரீச்சருடைய தாய் தகப்பன் எங்கள் ஊரவர்கள். அவர் பிறந்து வளர்ந்தது பாரிசில். இருபத்தைந்து வயது இருக்கும். எங்களைவிடப் பழைய தமிழ் கதைப்பார். படிப்பை முடித்துவிட்டு ஒரு வருடம் ஊரில் இருந்து பார்க்க வந்தவருக்குப் பங்குச் சுவாமி சனிக்கிழமை பின்னேரங்களில் மண்டபத்தைக் கொடுத்தார்.

நான் நடனம் பழகப் போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அம்மாதான் அனுப்பினார்.

“பாரிசிலையிருந்து வந்த பிள்ளை பிரெஞ்சு சொல்லிக் குடுக்குதாம். கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு ஓடு. நாளைக்குப் பிரான்சுக்குப் போனா உதவும்.”

வீட்டில் பத்தாம் வகுப்பை எட்டிப் பார்த்த முதல் ஆள் நான். எந்த வகுப்பு என்றாலும் முன்வரிசையில் இருக்க வேண்டும் என்று நினைக்கிற பேர்வழி. கொப்பியோடு போய் நின்றேன். ரீச்சர் கொப்பியைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். “கொப்பியை வைச்சிட்டு வாரும் தம்பி” என்றார். அன்றிரவு வீட்டில், ‘ப்ளியே’ என்றால் முழங்காலை மடக்குவது, ‘தொந்து’ என்றால் காலை நீட்டுவது என்று ஒப்புவித்தேன். அம்மாவுக்குப் பரம திருப்தி. மீன்சந்தையில் தனக்குப் பக்கத்தில் ஓலைக் கடகத்தில் மீன் விற்கிறவளுக்கு, “என்ரை பிள்ளை இப்ப பிரெஞ்சிலை கதைக்கிறான்” என்று சொன்னாராம்.

ஆனால் என் கால்விரல்களுக்குப் பிரெஞ்சு ஏறவில்லை. சின்ன வயதிலிருந்து ஈர வள்ளத்தில் நின்று பழகியவன் நான். நிற்கச் சொன்னால் பத்து விரலும் தானாக மடங்கித் தரையைக் கவ்விக்கொள்ளும். விரல் கவ்வினால் பாதம் நீளாது. பாதம் நீளாவிட்டால் மேலே எதுவும் நேராகாது. ரீச்சர் என் முன்னால் குந்தியிருந்து விரல்களை ஒவ்வொன்றாக விரித்துவிடுவார்.

“விரலை விடும். தரை எங்கையும் ஓடிப் போகாது.”

அடுத்த நிமிடமே திரும்பக் கவ்வும். பாதங்களை வெளிப்பக்கம் திருப்பு என்றால் முழங்காலை முறுக்குவேன். “அங்கை இல்லை, இடுப்பிலையிருந்து” என்பார். மாதக்கணக்கில் இதுதான் எங்கள் சம்பாஷணை. பிறகு ஒருநாள் விரல்கள் கொஞ்சம் இளகின. அதுவும் வள்ளத்தில் வைத்து. வலை இழுக்கும்போது கவ்வ மறந்து, நிமிர்ந்து நின்று, நேரே தண்ணீருக்குள் விழுந்தேன். அப்பா சுக்கானை விடாமல், “குளிக்கிறதெண்டா கரையிலை குளி” என்றார்.

எங்களுக்குப் பிடித்து நின்று பழக ஒரு கம்பி வேண்டியிருந்தது. மண்டபச் சுவரோரம் கோயிலின் பழைய கிராதி கிடந்தது. பீடத்துக்கு முன்னால் இருந்த மரத்தடுப்பு. ஒரு காலத்தில் சனம் அதில் முழந்தாளிட்டுத்தான் நற்கருணை அப்பத்தை, எங்கள் பேச்சில் நன்மையை, வாங்கியது. கோயிலைத் திருத்தியபோது கழற்றி இங்கே கொண்டுவந்து போட்டிருந்தார்கள். இரண்டு மேசைகளின் மேல் ஏற்றி வைத்தோம், கைக்கு அளவான உயரம். கையால் பிடித்தபோது ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகுதான் குதிக்காலை அதன்மேல் தூக்கி வைக்கச் சொன்னார் ரீச்சர். ஆறு பேரில் ஒருவரும் அசையவில்லை.

“நோகுதோ?”

“இல்லை ரீச்சர்,” என்றாள் நிரோஜினி. “அம்மா இதிலைதான் முதல்நன்மை எடுத்தவா.”

ரீச்சரின் முகம் சிவந்துவிட்டது. “அப்ப வேண்டாம், வேண்டாம்” என்றார். ஆனால் எங்களுக்கு அந்தப் பாடத்தை விட மனமில்லை. ஆறு பேரும் கூடிக் கதைத்து, மரியாதையாகச் செய்தால் பிழையில்லை என்று முடிவெடுத்தோம். நிரோஜினி வீட்டிலிருந்து தோய்த்து உலர்த்திய வெள்ளைத் துணி கொண்டுவந்தாள். அதைக் கிராதியின் மேல் நீளமாக விரித்து, சுருக்கம் தடவிவிட்டு, ஆறு குதிக்கால்களையும் வரிசையாக ஏற்றினோம். அந்த நேரம் பார்த்துக் கதிரை எடுக்கக் கோயில் மூப்பர் உள்ளே வந்தார். அந்தக் காலத்தில் நன்மை கொடுக்கும்போது கிராதியில் அதே மாதிரி ஒரு வெள்ளைத் துணிதான் விரித்திருப்பார்களாம். எங்களுக்கு அது எங்கே தெரியும்?

ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் கூட்டம்.

“ஆண்டவரை வாங்கின இடத்திலை குதிக்காலோ?” என்றார் மூப்பர். “துணி வேறை விரிச்சவை!”

“மரியாதைக்குத்தான் விரிச்சனாங்கள்,” என்று நிரோஜினி சொல்ல, பின்னாலிருந்து ஒருவர், “ஓமோம், நல்ல மரியாதை!” என்றார். ரீச்சர் மன்னிப்புக் கேட்டார். வகுப்பை நிறுத்துவது என்றே கதை போனது. என் விரல்கள் அப்போதுதான் விடத் தொடங்கியிருந்தன.

அப்பா எழும்பினார். கூட்டத்தில் அவர் வாய் திறந்து நான் கண்டதில்லை.

“ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போனவன் ஒருநாள் மீன்பாடு முழுக்கக் கோயிலுக்குக் குடுக்கிறான். அதோடை பிழை தீருது. இந்தப் பிழையையும் அப்பிடி எடுங்கோ. ஆறு பிள்ளையளுக்கும் சேர்த்து என்ரை வள்ளம் குடுக்கும்.”

“உனக்கேன் இந்தக் கூத்து?” என்று மூப்பர் கேட்டார்.

“கூத்தோ பிரெஞ்சோ எனக்குத் தெரியாது. எங்கடை வீட்டிலை படிப்பு எப்பவும் பாதியிலைதான் நிண்டது. உதாவது முடியட்டும்.”

சுவாமி தலையாட்டினார். கிராதியைக் கோயிலின் பின்னறைக்குக் கொண்டுபோனார்கள். நாங்கள் யன்னல் கம்பியில் ஒரு மூங்கிலைக் கட்டிக்கொண்டோம். ரீச்சர் போவதற்கு முந்திய சனிக்கிழமை நான் இரண்டு குதிக்காலையும் தூக்கி, மூங்கிலிலிருந்து கையை எடுத்தேன். விரல்கள் கவ்வாமல் நீளமாகக் கிடந்தன. நின்றேன். ரீச்சர் “ஓம்” என்று மட்டும் சொன்னார். கம்பஸில் பட்டம் வாங்கியபோதுகூட எனக்கு அந்த “ஓம்” மாதிரி இருக்கவில்லை.

அவர் போனதோடு வகுப்பும் போயிற்று. சப்பாத்துகளைக் கரப்பான் அரித்தது. பழைய மண்டபத்தை இடித்துவிட்டார்கள். மரவள்ளங்களும் இல்லை, எல்லாம் பிளாஸ்ரிக். கடலின் அடியை இழுவைப்படகுகள் வழித்துக்கொண்டு போய்விட்டன.

அப்பா கூட்டத்தில் சொன்ன மீன்பாடு மறுநாள் திங்கட்கிழமை. அந்த மாதம் முழுக்கக் கடல் வெறுங்கையாகவே அனுப்பியது. வீட்டில் சோற்றுக்குச் சம்பல்தான். அன்றைக்கென்று வலை நிறைய அறுக்குளா, சந்தையில் நல்ல விலை போகிற மீன். பக்கத்து வள்ளக்காரர், “அண்ணை, பாதியை இஞ்சாலை போடுங்கோ, ஆருக்குத் தெரியும்?” என்று கூப்பிட்டாராம். அப்பா எல்லாவற்றையும் கோயில் வாசலில் பாயில் அடுக்கினார். அப்படியொரு அறுக்குளாப் பாடு அதற்குப் பிறகு எங்கள் வள்ளத்துக்கு வரவேயில்லை. அம்மா வெறும் கடகத்தோடு பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஏலம் முப்பத்தெட்டாயிரம் ரூபாயில் முடிந்தது.