முதல் வரிசையில் வெர்னா

ப்ரூனா செத்துப்போன நேரத்தில் வெர்னா குட்னர் பதினோராவது மாட்டின் மடியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

ப்ரூனா ஆட்டத்தாளில் மட்டும் வாழ்ந்தவள். வாள்காரி. ஏழு மாதமாக வெர்னா வளர்த்துவந்த ஆள். ஞாயிறுதோறும் மதியச் சாப்பாடு முடிந்து ராய்ஸ் வீட்டு நிலவறையில், உலை அடுப்புக்குப் பக்கத்தில், கதை சொல்லி ஆடும் ஆட்டத்துக்காக நாலு பேர் கூடுவார்கள். பள்ளிக்கூடத்தில் தச்சுவேலை சொல்லித்தரும் ராய்ஸ்தான் ஆட்டத்தை நடத்துகிறவர். குகை எப்படி வளைகிறது, இருட்டில் எது உறுமுகிறது என்று அவர் சொல்வார். தங்கள் ஆள் என்ன செய்கிறான் என்பதை மற்ற மூவரும் சொல்லிப் பகடை உருட்டுவார்கள். தீவன மில்லில் லாரி ஓட்டும் லோவெலுக்கு ஓல்மார் என்ற மந்திரவாதி. தபாலாபீஸ் மார்லிஸுக்குக் காயம் ஆற்றும் பூசாரி, பெயர் டில்டா. வெர்னாவுக்கு வாளும் கேடயமும்.

நாலு மணி அடித்தால் வெர்னா எழுந்துவிட வேண்டும். நாற்பத்திரண்டு கறவைகள், காலை ஐந்துக்கு ஒரு தடவை, மாலை ஐந்துக்கு ஒரு தடவை. விஸ்கான்சினில் பனி கூரைவரை குவிந்தாலும், அவளுக்கே நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல் அடித்தாலும், மடி கனத்துவிட்டால் மாடு கத்தும். அம்மா போய்ச் சேர்ந்தாயிற்று. தம்பி கென்ட் மில்வாக்கிக்குப் போய் ஒன்பது வருஷம். அப்பா எல்ராய்க்கு முழங்கால் மடங்காது. முப்பத்துமூன்று வயதில், ஊரை விட்டு ஒரு ராத்திரி தங்கியது எப்போது என்று அவளைக் கேட்டால் விரல்விட்டு யோசிப்பாள்.

பாதியில் எழுந்து போகிறவரின் ஆள், அணிவகுப்பில் நின்ற இடத்திலேயே நிற்கும். அவருக்குப் பதிலாக ராய்ஸ் பகடை உருட்டுவார். அதுதான் அந்த மேசையின் வழக்கம். போன ஞாயிறு அவள் கிளம்பிய பிறகு, ப்ரூனா குகை வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்; மற்ற இருவரும் தப்பி ஓடினார்கள். ஐந்தேமுக்காலுக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

"சும்மா சொல்லக் கூடாது, நின்னா பாரு ஒரு நிலை! நீயே இருந்திருந்தாலும் அப்படி நின்னிருக்க மாட்டே," என்றான் லோவெல், எலுமிச்சைக் கேக்கை வாயில் அடக்கிக்கொண்டு.

"நான்தான் இல்லையே," என்றாள் வெர்னா.

இன்றைக்குப் புது ஆள் போட வேண்டும். மந்திரவாதி போடுவது என்று அவள் வாரம் முழுக்க நினைத்துவைத்திருந்தாள். மந்திரவாதி வரிசையின் நடுவில் நடப்பான். மறைந்துபோகத் தெரிந்தவன். அவனைக் கதவுக்கு முட்டுக் கொடுக்க யாரும் கூப்பிட மாட்டார்கள்.

சட்டைப் பையில் ஒரு கடிதமும் இருந்தது. மாடிசனில் பால் பரிசோதனைக் கூடத்தில் வேலை. போன இலையுதிர் காலத்தில், பல் டாக்டரிடம் போவதாக அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போய் எழுதிய பரீட்சையில் கிடைத்தது. திங்கள் மதியத்துக்குள் போன் செய்து வருகிறேன் என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். நாளைக்குத்தான் திங்கள். அப்பாவுக்கு இன்னும் தெரியாது.

"மூணு பகடை, ஆறு தடவை," ராய்ஸ் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார். "விழுந்தது விழுந்தபடி. இடம் மாத்தக் கூடாது. எது உச்சமோ அதுதான் தொழில். தெரியும்ல?"

"தெரியும், சாமி."

முதல் எண் வலிமைக்கு. அவள் பகடைகளை உள்ளங்கையில் குலுக்கி மெதுவாக விட்டாள். ஆறு. ஆறு. மூன்றாவது கேக் தட்டில் முட்டி ஐந்தில் நின்றது.

"பதினேழு!" மார்லிஸ் கை தட்டினாள்.

வலிமை உச்சமானால் வாள்தான். மந்திரவாதிக்கான அறிவு எண் இன்னும் இருக்கிறது. பதினெட்டு விழுந்தால் போதும். உருட்டினாள். ஏழு.

லோவெல் மேசையைக் குத்திச் சிரித்தான். "விடாதடி அம்மா உன்னை இந்த வாளு! வா வா, கதவு உனக்காகக் காத்துக்கிடக்குது."

"இன்னொரு தடவை உருட்டட்டுமா?"

"விழுந்தது விழுந்தபடி," என்றார் ராய்ஸ். கோபமில்லாமல்தான் சொன்னார்.

மிச்சத்தையும் உருட்டினாள். சுறுசுறுப்பில் பதினாலு வந்தது. மற்றவை சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ராய்ஸ் வழக்கம்போல அவள் கேட்காமலே எழுத ஆரம்பித்தார்: முழு இரும்புக் கவசம், பெரிய கேடயம், வாள். கூடவே பிஸ்கட் டப்பாவிலிருந்து அணிவகுப்பு அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை. வெர்னா அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள், படித்தது இன்றைக்குத்தான்.

பின்னால் டில்டா. நடுவில் ஓல்மார். முன்னால் வெர்னா.

"இதென்ன, எல்லாருக்கும் ஆளோட பேரு எழுதியிருக்கு, எனக்கு மட்டும் என் பேரு?"

ராய்ஸ் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். "உன் ஆளுங்க மாறிக்கிட்டே இருக்காங்கல்ல. நீ மாறமாட்டேல்ல. அதான் ஒரே தடவையா எழுதி உறை போட்டுட்டேன்."

அவர் தப்பாக எதுவும் நினைக்கவில்லை. அவள் அண்ணாந்து பார்த்தாள். மேலே தாழ்ந்த கூரை, ஜன்னலை மூடிய பனி, பக்கத்தில் உறுமும் உலை.

வெர்னா ரப்பரை எடுத்தாள். கவசத்தை அழித்தாள். கேடயத்தை அழித்தாள். தோல் சட்டை, நீள வில், ஐம்பதடிக் கயிறு, ஒரு குதிரை என்று எழுதினாள்.

"ஏய், ஏய், என்ன பண்றே?" லோவெல் எழுந்தேவிட்டான். "பதினேழு பலத்தை வெச்சுக்கிட்டு வில்லா? குதிரை எதுக்கு குகைக்குள்ள?"

"குகைக்கு வெளிய நிக்கும்."

"அப்ப முன்னாடி யாரு நிப்பா?"

"நீ நில்லு. ஓல்மாருக்கும் காலு ரெண்டு இருக்கே."

"அவனை எலி கடிச்சாலே செத்துடுவான், வெர்னா!"

"அப்ப மெதுவா நடங்க."

மார்லிஸ் தன் கம்பளிச் சட்டையில் இல்லாத தூசியைத் தட்டினாள். "நீ பலசாலிடி கண்ணு. பலசாலி முன்னாடி நின்னாத்தான் எங்களுக்கு நிம்மதி."

கென்ட் போனில் பேசும்போதும் இதையேதான் சொல்வான், ஏறக்குறைய இதே குரலில்.

நாலு மணி அடித்தது. வெர்னா தாளை நாலாக மடித்துக் கடிதத்தோடு வைத்துக்கொண்டாள்.

"தாள் டப்பாவுல இருக்கணும்," என்றார் ராய்ஸ். "இல்லாட்டி நாங்க எப்படி அவளை வெச்சு ஆடறது?"

"ஆடாதீங்க. நான் இருக்கறப்ப அவ இருப்பா."

அவள் கோட்டை மாட்டிக்கொண்டாள். படியேறும்போது, "பேரு எழுதலையே!" என்று லோவெல் கத்தினான்.

கொட்டகையில் அப்பா கவிழ்த்த வாளியின் மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வானொலி முனகிக்கொண்டிருந்தது.

"என்ன மகராணி, இன்னைக்கு எத்தனை பூதத்தை வெட்டினே?"

"இன்னைக்கு ஒண்ணும் வெட்டலப்பா."

கறவை இயந்திரத்தை முதல் மாட்டுக்கு மாட்டினாள். டிக்டிக்கென்று அது பாலை இழுக்கத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையில் நகர்ந்தாள். ஒவ்வொரு மாட்டிடமும் இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள்; கம்பியில் தட்டிய வாலைப் பார்த்து அடுத்த மாட்டுக்கு ஒத்திவைத்தாள். எந்த மாட்டிடம் போனாலும் இந்தச் சுவர்தான், இந்தச் சாணி வாடைதான், இந்த டிக்டிக்தான். பதினோராவது மாட்டிடம் வந்தபோது மணி ஐந்தேமுக்கால்.

வெந்நீர்த் துணியைப் பிழிந்தபடி, திரும்பிப் பார்க்காமல், "அப்பா, மாடிசன்ல எனக்கு வேலை கிடைச்சிருக்கு. நாளைக்கு வரேன்னு போன் பண்ணப் போறேன். மே மாசம் சேரணும்," என்றாள்.

எல்ராய் வானொலியை அணைத்தார். இயந்திரம் மட்டும் துடித்தது.

"அப்ப யாரு கறப்பா?"

இந்தக் கேள்விக்கு இத்தனை வருஷமும் அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது. அது நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. சட்டைப் பையில் தாளும் கடிதமும் உரசிச் சரசரத்தன.

"தெரியலப்பா."

அவர் தரையைப் பார்த்தார். பிறகு பதினோராவது மாட்டைப் பார்த்தார். முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

"கார்ல ரெண்டு மணி நேரமா, மாடிசன்?"

"ஆமாம்பா. ரெண்டு."

"பனி இருந்தா மூணு," என்றார் எல்ராய்.

வெர்னா துணியை அலசிக்கொண்டு பன்னிரண்டாவது மாட்டிடம் போனாள்.