நேர்கோடாகத் தெரிந்த மனிதர்

பாலக்கரையில் ஒரு ஸ்டுடியோவில் எனக்கு ஒலியைச் சுத்தம் செய்யும் வேலை. படித்தது பத்தாம் வகுப்பு. ஆட்களிடம் பேசக் கூச்சப்படுகிறவனுக்கு ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்காரும் வேலை பெரிய வசதி.

பதிவான ஒலி கம்ப்யூட்டர் திரையில் படமாக விரியும். கனத்த ஒலி கீழே, கீச்சு ஒலி மேலே. ஸ்பெக்ட்ரம் என்போம். பேச்சும் பாட்டும் அதில் நெளிந்து ஓடும். ஃபேன், ஜெனரேட்டர் இரைச்சலெல்லாம் அசையாமல் நேர்கோடாகக் கிடக்கும். கோட்டைத் தேர்ந்தெடுத்து டெலிட் அமுக்கினால் இரைச்சல் போய்விடும். நேர்கோட்டைக் கண்டால் அழி. என் மொத்த ஞானமும் அவ்வளவுதான்.

ஒரு நாள் காலை பெரியவர் ஒருவர் பென் டிரைவ் கொண்டுவந்தார். ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணத்தில் அவர்கள் செட் வாசித்த நாதஸ்வரம். பின்னால் ஜெனரேட்டர் உறுமியது. சிங்கப்பூருக்குக் கச்சேரிக்குக் கூப்பிட்டிருப்பவர்களுக்குச் சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டுமாம். இன்னும் ஏதோ சொல்ல வந்தார். நான் தலையை ஆட்டிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

திரையில் நேர்கோடுகள் அடுக்கடுக்காக இருந்தன. ஒன்று விடாமல் அழித்தேன். நாதஸ்வரமும் தவிலும் துல்லியமாகக் கேட்டன. கர்வத்தோடு அவருக்குப் போட்டுக் காட்டினேன்.

கண்ணை மூடிக் கேட்டவர், முடியும்வரை திறக்கவில்லை.

"நல்லா இருக்கு தம்பி. நான் எங்க?"

"நீங்க நாயனமா, தவிலா?"

"ஒத்து தம்பி. ஒரே சுருதியை விடாம ஊதுறவன். அதுக்கு எதுக்குத் தனியா ஒரு டிக்கெட், சுருதிப் பெட்டி போதுமேன்னு கேக்குறாங்க. என் ஒத்து அவங்க காதுல விழட்டும்னுதான் இதைச் சுத்தம் பண்ணவே கொண்டாந்தேன்."

பின்னால் நின்ற முதலாளி சொன்னார்: "ரொம்ப சுத்தம்யா. ஆளையே துடைச்சிட்டே."

பென் டிரைவில் பழைய பதிவு அப்படியே இருந்ததால் பிழைத்தேன். இந்தத் தடவை பெரியவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு கோட்டையும் தனியே ஒலிக்கவிட்டுக் கேட்டோம். படத்தைப் பெரிதாக்கியபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. ஜெனரேட்டரின் கோடு ஸ்கேல் வைத்துப் போட்டது போல இருந்தது. ஒத்தின் கோடு, அவர் மூச்சு இழுத்த இடங்களில் லேசாக நடுங்கியது. "அது நான்தான்" என்று விரலை வைத்துக் காட்டினார். திரையில் விரல் ரேகை விழுந்தது. அதைத் துடைக்கவும் எனக்குப் பயமாக இருந்தது.

நாலு மணிக்கு அனுப்பினோம். மறு வாரம் போன் செய்தார். அவருக்கும் சேர்த்துத்தான் டிக்கெட் போடுகிறார்களாம்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். அழிக்கும் முன் கேளுங்கள். கோட்டையும் கேளுங்கள், கொண்டுவந்தவரையும் கேளுங்கள். எனக்குக் கூச்சம் இன்னும் போகவில்லை. ஆனாலும் ஹெட்போன் மாட்டும் முன், "இதுல நீங்க எதுங்க?" என்று கேட்டுவிடுகிறேன். போன வாரம் பள்ளி ஆண்டுவிழாப் பதிவோடு வந்த ஒரு அம்மா, "கடைசி வரிசையில சத்தமா கை தட்டுறது நான்" என்றார். அந்தக் கைதட்டலை நான் தொடவில்லை.