பாலக்கரையில் சொல்லாமல் விட்ட 'ஜ வூ ரெமெர்சி'

வெள்ளிக்கிழமை காலை, பிரெஞ்சு விருந்தாளியை வழியனுப்ப மெஹருன்னிசா திருச்சி ஜங்ஷனுக்கு வருகிறார். இன்று மதியம் போனில் இதை உறுதிசெய்தவர் அவர் கணவர் பஷீர் பாய். வந்து என்ன சொல்லப்போகிறார் என்று கேட்டேன். "எனக்கே தெரியலைங்க" என்றார்.

பஷீர் பாய் என் நண்பர். மகள் நஸீமா பிரான்சில் இருக்கிறாள். போன வருடம் அவளுக்குப் பிரசவம். விசா கிடைக்காததால் மெஹருன்னிசாவால் போக முடியவில்லை. எதிர்வீட்டு கிளேர் அம்மையார்தான் ஆஸ்பத்திரியில் கூட இருந்து, பிறகு குழந்தையைக் குளிப்பாட்டி, தூக்கம் கெட்டுப் பார்த்துக்கொண்டார். இப்போது அவர் தமிழ்நாட்டைச் சுற்றிப் பார்க்க வந்திருக்கிறார். புதுச்சேரியில் நிருபராக இருந்தபோது நான் கொஞ்சம் பிரெஞ்சு கற்றவன் என்பதால், அவரைப் பாலக்கரையில் பஷீர் பாய் வீட்டு விருந்துக்குக் கூட்டி வரும் பொறுப்பு என்னுடையது.

கிளேர் பிரான்சிலிருந்து கிளம்பும் முன்பே மெஹருன்னிசா போனில் கேட்டிருந்தார்: "தம்பி, பிரெஞ்சுல மரியாதையா எப்படி நன்றி சொல்றது? என் வாயாலேயே சொல்லணும்."

வெறும் 'மெர்சி' கடைகண்ணிக்குப் போதும், பெரியவர்களிடம் 'ஜ வூ ரெமெர்சி, மதாம்' என்றால் மரியாதை என்றேன். ஒரு வாரம் அடுப்படியில் பயிற்சி நடந்ததாம்.

செவ்வாய் காலை சத்திரம் பஸ் நிலையத்திலிருந்து டவுன் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போனோம். பிற மதத்தவர் ஆரியபடாள் வாசல் வரைதான் போகலாம். அதுவரை பார்க்கவே இரண்டு மணி நேரம் ஆனது. வெயில் ஏறினால் கல் தரையில் கால் வைக்க முடியாது, சீக்கிரம் போய்விடுங்கள்.

அங்கிருந்து பாலக்கரைக்கு ஆட்டோ டிரைவர் 250 ரூபாய் சொன்னார், 200க்கு முடித்தேன். இறங்கியதும் கிளேர் கைகூப்பி "நன்றி" என்றார். டிரைவர் என்னைப் பார்த்தார். "மேடம் கும்பிடுறாங்க. நீங்க அம்பது ரூபாயைப் புடிக்கிறீங்க. எதை சார் எடுத்துக்கிறது?"

வீட்டில் பிரியாணி, தால்சா; மெஹருன்னிசா பரிமாறினார். ஒவ்வொரு கரண்டிக்கும் கிளேர் "மெர்சி" என்றார்.

"என்ன தம்பி இது, நான் ஹோட்டலா நடத்துறேன்?" என்று மெஹருன்னிசா என்னிடம் முணுமுணுத்தார்.

சாப்பாடு முடிந்தது. எல்லோரும் மெஹருன்னிசா முகத்தையே பார்த்தோம். அவர் எழுந்து அடுப்படிக்குப் போனார். ஏன் சொல்லவில்லை என்று பின்னாலேயே போய்க் கேட்டேன்.

"பெத்தவ செய்ய வேண்டியதைச் செஞ்சவங்க. அவங்ககிட்ட ஒரு வார்த்தையைச் சொல்லிட்டு, சரியாப் போச்சுன்னு உக்காரவா?" டிபன் கேரியரில் பிரியாணியை நிரப்பிக்கொண்டே சொன்னார்: "கேரியரை அடுத்த தடவை வரும்போது குடுத்தாப் போதும்னு சொல்லுங்க."

சொன்னேன். திரும்பும் வழியில் கிளேர் கவலையோடு கேட்டார்: "நஸீமாவின் அம்மா ஏதோ சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். நான் தவறு ஏதும் செய்துவிட்டேனா? எனக்கு வயது எழுபத்தொன்று. அடுத்த தடவை என்று எதைச் சொல்கிறார்?"

இரண்டு பக்கத்துப் பேச்சையும் மொழிபெயர்த்தவன் நான். எனக்கே பிடிபடவில்லை.

பிரான்ஸ் போகிறவர்கள் 'மெர்சி'யோடு 'மதாம்', 'முஸ்யூ' சேர்த்துச் சொல்லுங்கள். அங்கிருந்து விருந்தாளி வந்தால், இங்கே சாப்பாட்டு நேரத்தில் நன்றியைக் குறைத்து இன்னொரு கரண்டி கேட்கச் சொல்லுங்கள். இது மட்டும்தான் எனக்கு உறுதியாகத் தெரியும்.

கேரியரைக் கிளேர் கழுவித் துடைத்து, லாட்ஜ் அறையில் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். ஸ்டேஷனில் திருப்பிக் கொடுப்பாரா, பெட்டிக்குள் வைத்துக்கொள்வாரா என்பது இன்னும் முடிவாகவில்லை. வெள்ளிக்கிழமை காலை, ரயில் கிளம்பும் முன் தெரிந்துவிடும்.