வரவு இடாப்பில் நசீறாவின் கையெழுத்து

முன்னறையில் கடதாசி கிழியும் சத்தம் கேட்டது. அரசியலமைப்புச் சட்டப் புத்தகத்தில் அடிப்படை உரிமைகள் பாடத்தை மூன்றாம் தடவையாகப் படித்துக்கொண்டிருந்த றஸ்னா எழுந்து ஓடினாள்.

அவள் ஒரு கிழமையாக உட்கார்ந்து எழுதிய மனு, உம்மாவின் மடியில் இரண்டு துண்டாகக் கிடந்தது. எதிரே கதிரை நுனியில், நண்டுக் கொம்பனியின் வெள்ளைத் தொப்பியைக் கசக்கியபடி பக்கத்து வீட்டு நசீறா உட்கார்ந்திருந்தாள்.

"உம்மா, மனுக் குடுக்கிற காலம் நாளையோட முடியுது."

"முடியட்டும்," என்றாள் உம்மு குல்சூம்.

யுத்தம் முடிந்து அரிப்புக் கிராமத்தில் மீள்குடியேறிய வருடமே அந்தக் கொம்பனியில் சேர்ந்தவள் உம்மா. ஆறு வருடம் நின்ற நிலையில் நண்டுச் சதை பிரித்தாள். நாரி பிடித்து, இடுப்பை நிமிர்த்தி நிற்க முடியாமல் போனதும், ஒரு கடிதம்கூடக் கொடுக்காமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பல்கலைக்கழகத்தில் தொழிற்சட்டம் படிக்கும் மகள் விடுவாளா? தொழில் நியாயசபைக்கு மனு எழுதினாள். ஆறு வருட வேலையை நிரூபிக்க, வேலைக்கு வருபவர்கள் தினமும் கையெழுத்து வைக்கும் கொம்பனியின் வரவு இடாப்பைக் கொண்டுவரச் சொல்லி ஒரு வரியும் சேர்த்தாள். அந்த வரியை எழுதியபோது எவ்வளவு பெருமைப்பட்டாள், பாவி!

"அந்த இடாப்புலதான் புள்ள என்ட தலை இருக்கு," என்றாள் நசீறா.

ஒரு நாள் வராவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள். அதனால் வீட்டுத்திட்டத்துக்காக உம்மா அரசாங்கக் கந்தோர் வரிசையில் நின்ற நாட்களில், தன் லீவு நாளை விட்டுக்கொடுத்து நசீறா அவளுடைய இடத்தில் நின்றாள். தொப்பியும் முகக்கவசமும் போட்டால் அங்கே எல்லோருக்கும் ஒரே முகம். கையெழுத்தையும் உம்மாவின் பெயரிலேயே வைத்தாள்.

"எத்தனை நாள், சாச்சி?"

"நாப்பதுக்கு மேல. உங்கட சுவர் எழும்பினதே என்ட கையெழுத்துலதான்."

"அந்த வரிய எடுத்துட்டு எழுதித் தாறன்."

"வழக்கெண்டா அவங்களே இடாப்பத் தூக்கிட்டு வருவாங்க," என்றாள் உம்மா. "களவுக் கையெழுத்தெண்டு இவளத்தான் பிடிப்பாங்க. உன்ட புத்தகத்துல இவளுக்கு ஒரு பக்கம் இருக்கா? காட்டு. இப்பவே மனுவ ஒட்டிக் கையெழுத்து வைக்கிறன்."

றஸ்னாவுக்குச் சட்டப் பிரிவுகள் எல்லாம் இலக்கத்தோடு மனப்பாடம். ஆனால், நாளைக்கும் நசீறாவை அந்த நண்டு பிரிக்கும் மேசையடியில் நிற்க வைக்கும் பிரிவு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

நசீறா மணிக்கூட்டைப் பார்த்தாள்.

"ரெண்டு மணிக்கு வேலை. போயிட்டு வாறன் ராத்தா."

வாசலில் நின்று தொப்பியை நீவிவிட்டாள்.

"கெதியா லோயராகு புள்ள. எனக்கும் நாரி நோகத் தொடங்கிட்டுது."

உம்மா நாரியைப் பிடித்தபடி எழுந்து போய், தகரக் கதவைச் சாத்தினாள்.